உன் கைலியும் என் நாயும்

என் உயிரான மாப்ள காதருக்கு,

யுத்தம் முடிந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காய்ச்சலில் கிடந்தபோதும் நீ இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாய். முடிந்து என்ன, மண்ணெண்ணெய்க்கு இன்னும் வரிசைதான். மேலூர் பஸ் இன்னும் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு புகைந்தபடிதான் போகிறது. சிம்மக்கல்லில் உன் சாக்குக் கடையை உன் தம்பி திறந்துவிட்டான். பக்கத்தில் என் பாத்திரக் கடை அப்படியே இருக்கிறது.

ஊர்ச் செய்தி அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. எனக்கு உன் மேல் பொறாமை, காதர். மண்ணுக்குள் போனவன் மேல் ஒருவன் பொறாமைப்படுவானா என்று கேட்காதே. நான் படுகிறேன். நீ இருந்தபோது பட்டதைவிட இப்போது அதிகமாகப் படுகிறேன்.

சீசர் வந்த கதை உனக்குத் தெரியும், என் பக்கத்துக் கதை தெரியாது. கடைவீதியில் குடமும் அண்டாவும் களவு போகிறதென்று எல்லோரும் பயந்து கிடந்த நேரம். ராஜபாளையத்துக்கு ஆள் அனுப்பி வெள்ளை வெளேரென்று ஒரு நாய்க்குட்டி வாங்கினேன். முனிசிபாலிட்டியில் என் பேரில் லைசென்ஸ் எடுத்து, அவர்கள் கொடுத்த நம்பர் வில்லையைக் கழுத்தில் கட்டினேன். பித்தளைச் சங்கிலியை என் பட்டறையிலேயே செய்யச் சொன்னேன். கடை வாசலில் கட்டிப் போட்டுவிட்டு, நம்மிடமும் ஒரு ஜாதி நாய் இருக்கிறதென்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

நீ வந்தாய். குனிந்து அதன் மூக்குக்கு நேராக உன் மூக்கை வைத்தாய்.

"நாய வாங்கிட்ட மாப்ள. இவனக் கொஞ்சப்போறது யாரு?"

"கொஞ்சவா வாங்குனேன்? கொரைக்கிறதுக்கு வாங்குனேன்."

"சரி, கொரைக்கிறது ஒனக்கு. மிச்சம் எனக்கு," என்றாய்.

நான் சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். அந்த மிச்சம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் வழக்கத்தில் நாயை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. எச்சில் பட்டால் மண் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், பட்ட உடுப்போடு தொழக்கூடாது. வேறொருவனாக இருந்தால் அதைச் சொல்லியே எட்டி நின்றிருப்பான். நீயோ பச்சைக் கட்டம் போட்ட பழைய கைலி ஒன்றை நாய்க்கென்று ஒதுக்கி, கடையின் பின்கட்டில் ஆணியில் மாட்டினாய். சாயங்காலம் வியாபாரம் அடங்கியதும் நல்ல கைலியை அவிழ்த்து வைத்துவிட்டு அதைக் கட்டிக்கொள்வாய். சாக்குக் கட்டுகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ராசா, வாடா" என்பாய். நான் வைத்த பெயர் சீசர். அந்தப் பெயருக்கு அது என்றைக்காவது காதையாவது அசைத்ததுண்டா?

பாங்கு சொல்வதற்குள் எழுந்து, தொட்டியில் கொட்டி வைத்திருந்த மண்ணை அள்ளிக் கையிலும் காலிலும் தேய்த்துக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடுவாய். மழையோ பனியோ, ஒருநாளும் நீ இதில் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை பள்ளிவாசல் ஹசரத்தே உன் கடை வாசலில் நின்று கேட்டார்.

"எதுக்கு காதரு இம்புட்டுப் பாடு? தொடாம இருந்தா கழுவ வேணாம்ல?"

"வைகையில தண்ணி வத்துனாலும் மண்ணு வத்தாது ஹசரத்து. கழுவிக்கிட்டுப் போறேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த நாயைத் தொட எனக்கு ஒரு தடையும் இல்லை, தொட்டால் கழுவ வேண்டிய கட்டாயமும் இல்லை. இருந்தும் அதன் சங்கிலியைத் தொட்ட அளவுக்கு நான் அதைத் தொட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நீ சத்தியமாக யோசித்திருக்க மாட்டாய். அந்தச் சாயங்காலங்கள் அதற்கு முன்னால் என்னுடையவை. கடையைச் சாத்திவிட்டு நாம் இருவரும் ஆற்று மணலில் உட்கார்ந்து, வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு, கடன் சொல்லிப் போன வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகத் திட்டுவோம். நாய் வந்தது, ஆற்றங்கரை போயிற்று. என் மகளுக்கு வரன் வந்த சேதியை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டுமென்று ஓடி வந்தேன். நீ தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கொஞ்சம் பொறு மாப்ள, காதுக்குள்ள ஒரு உண்ணி மாட்டிக்கிருச்சு," என்றாய்.

உண்ணிக்கு அப்புறம்தான் என் மகள் கல்யாணம்! நான் நாயைப் பார்த்து வயிறெரிந்தேனா, உன்னைப் பார்த்தா? இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் வீட்டுக்காரி லட்சுமி வேறு, எரிகிற அடுப்பில் சுள்ளி வைப்பாள். "லைசென்ஸு ஒங்க பேருல. நாயி காதரண்ணன் பேருல," என்பாள்.

அதனால்தான் அதை மேலூருக்கு அனுப்பினேன். என் மச்சினன் வயலுக்குக் காவல் வேண்டும் என்று காரணம் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "ஒன் நாயி. ஒன் இஷ்டம் மாப்ள," என்று மட்டும் சொன்னாய். நீ சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பிறகு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுக்க ஆரம்பித்தாய். கேட்டால் பழங்காநத்தத்தில் வசூல் இருக்கிறது என்றாய். நானும் நம்பினேன். மச்சினன் ஒருநாள் கடைக்கே வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

"அத்தான், ஒங்க சிநேகிதரு ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் வாராரு. வீட்டுக்குள்ள கூப்ட்டா வரமாட்டேங்குறாரு. சைக்கிள்ல சுத்தி வச்சிருக்க ஒரு பச்சக் கைலியக் கட்டிக்கிட்டு, வேலியோரமா ஒக்காந்து நாயக் கொஞ்சிட்டுப் போறாரு."

"அவுத்துக் கூட்டிட்டுப் போகச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன் அத்தான். 'வேணாம், அது சோமு நாயி'ங்குறாரு. அவரு போனா அது ரெண்டு நாளைக்குச் சோத்த மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது. நீங்களே கூட்டிட்டு வந்துருங்க."

கூட்டி வந்தேன். ஆணியில் கைலி மறுபடி தொங்கியது, அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு வெட்கமாக இல்லை, காந்தியது. அந்த வெயிலில், அந்த ரோட்டில், மேலூர் வரை! என்னை அங்கே கட்டிப் போட்டிருந்தால் நீ வந்திருப்பாயா, காதர்?

நீ போன நாளைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. உன்னைச் சந்தூக்கில் தூக்கியபோது முன்பக்கம் ஒரு தோள் நான் கொடுத்தேன். உன் அண்ணன் தம்பிகள் இடம் விட்டார்கள். சிம்மக்கல் முழுக்கக் கடை அடைத்திருந்தது. சங்கிலியை எப்படித்தான் அறுத்துக்கொண்டு வந்ததோ, பாதி வழியில் நாய் கூட்டத்துக்குப் பின்னால் வந்துவிட்டது. அடக்கம் செய்கிற மையவாடியின் வாசல் வரை வந்து, உள்ளே கால் வைக்காமல் வெளியிலேயே படுத்துக்கொண்டது.

"யாரு நாயி இது? புடிச்சுக் கட்டுங்கய்யா," என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என் நாய்தான்," என்றேன். இத்தனை வருஷம் எத்தனையோ பேரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வார்த்தை. அன்றைக்கு அதைச் சொல்லும்போது, அடுத்தவன் வீட்டுக் குடத்தில் என் பெயரை வெட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பிடிக்கப் போனேன், அது உறுமியது. என்னைப் பார்த்து அது உறுமியது அன்றுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் அது சாப்பிடவில்லை. உன் கடையின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய்க் கிடந்தது. கறி வைத்தேன், எலும்பு வைத்தேன், ரேஷன் காலத்தில் பச்சரிசிச் சோற்றில் பாலை ஊற்றி வைத்தேன். நாள்கணக்கில் தண்ணீரோடு கிடந்தது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. மிருக வைத்தியரைக் கூட்டி வந்து காட்டினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். செத்துவிடும் என்றே நினைத்தேன். அப்போதும் என் மனசு என்ன சொல்லியது தெரியுமா? நான் செத்தால் இந்த ஊரில் யார் இப்படிக் கிடப்பார்கள் என்று கேட்டது.

உன் தம்பி கடையை ஒழித்துத் திறந்த அன்றைக்கு உன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனேன். உன் வீட்டுக்காரி மைமூன், புருஷனை இழந்தவள் வெளி ஆண்கள் முன்னால் வராத இத்தாவில் இருக்கிறாள் அல்லவா, திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் பேசினாள். காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்று வெளிவாசல் படியில் இருந்தது.

"அண்ணே, அவுக நாய்க்குன்னு வச்சிருந்த கைலி, கடைய ஒழிச்சப்ப வந்துச்சு. வீட்டுக்குள்ள வைக்க முடியாது. எரிக்கவும் மனசு வரல. நீங்க கொண்டு போயிருங்க."

"சரிம்மா."

"எனக்குன்னு அவுக ஒரு சாயங்காலம் ஒதுக்குனதில்லண்ணே." சிரிப்பும் அழுகையுமாக அவள் குரல் வந்தது. "ஒங்க நாயி மேல எனக்கு அம்புட்டுப் பொறாம."

மாப்ள, அந்த வார்த்தையைக் கேட்டதும் பொட்டலத்துக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை காலம் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். "எனக்குந்தான் தங்கச்சி," என்றேன். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், இரண்டு பேரும் அழுதோம்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, என் கஞ்சி போட்ட வேட்டியை அவிழ்த்து வைத்தேன். உன் கைலியைக் கட்டிக்கொண்டேன். உன் இடுப்பு பெரிசு, எனக்கு இரண்டு சுற்று வந்தது. உன் கடைக்குள் போய், உன் தம்பியிடம் கேட்டுக்கொண்டு, சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். சீசர் என்று கூப்பிடவே தோன்றவில்லை. "ராசா, வாடா," என்றேன்.

அவன் எழுந்தான். தள்ளாடிக்கொண்டே வந்தான். கைலியை மோந்தான், மடிப்பு மடிப்பாக, ஒரு இடம் விடாமல் மோந்தான். பிறகு என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். நான் நீ இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என் மடியில் தலையை வைத்துப் படுத்தான். சோற்றை உருட்டிக் கையில் வைத்து நீட்டினேன், சாப்பிட்டான். என் கை முழுக்க அவன் எச்சில். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அந்தக் கையைக் கழுவாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்தது எனக்காக இல்லை, உன் துணிக்காக. அதுவும் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். பொறாமை அப்போதும் போகவில்லை.

இனி கேள். சங்கிலியைப் பழைய பித்தளையோடு சேர்த்து உருக்கப் போட்டுவிட்டேன். வில்லை மட்டும் கழுத்தில் கிடக்கும், இல்லாவிட்டால் நாய் பிடிக்கிற வண்டிக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். சாயங்காலம் ஆனால் உன் கைலியைக் கட்டிக்கொண்டு அவனை ஆற்று மணலுக்குக் கூட்டிப் போகிறேன். கடலையை நான் கொறிக்கிறேன், காதுக்குள் உண்ணி பார்க்கிறேன். வீட்டுக்குத் திரும்பினால் லட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டு சோப்புக் கட்டியை நீட்டுகிறாள். "நாலு ஊருக்கு நாறுதுங்க, கழட்டிக் குடுங்க," என்கிறாள்.

கொடுக்க மாட்டேன். துவைத்தால் உன் வாசம் போய்விடும். இவனைத் தொட்டதற்காக நீ ஆயுசு முழுக்கக் கழுவிக்கொண்டே இருந்தாய், மாப்ள. இவன் உயிரோடு இருக்கும் வரை நான் இந்தக் கைலியை நனைக்க மாட்டேன். இது சத்தியம்.

வில்லைக்கு மட்டும் சொந்தக்காரன்,
உன் மாப்ள
சோமு