வலம் எந்தப் பக்கம்?

16 ஜூன் 2025, திங்கள்

ஆராயி அக்காவின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து என் பட்டறையில் விட்டார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படி இழுக்கக் கூடாது என்று கத்தினேன். யார் கேட்கிறார்கள்?

முன்னால் போகிற D-யில் போட்டால் என்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கியர் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறது, கருகல் வாடை வேறு. உள்ளே பிளேட்டெல்லாம் தீய்ந்திருக்கும்.

பதினேழு வருஷப் பழைய டீசல் பிக்கப். அடி அண்ணாமலையிலிருந்து காய், கீரை ஏற்றி ரமணாசிரமம் பக்கத்து லாட்ஜ், காபிக் கடைகளுக்கு அக்காவே ஓட்டிப் போய்ப் போடுவார். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. வலது கால் மட்டும் போதும் என்றுதான் தேடித்தேடி இந்த வண்டியை வாங்கினார்.

17 ஜூன்

அக்காவின் தம்பி தசரதன் வந்தான். சாதா கியர்பாக்ஸ் மாட்டிவிடு என்கிறான். எங்கே வேண்டுமானாலும் ரிப்பேர் பார்க்கலாமாம், அவனே ஓட்டுவானாம், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் போதுமாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், அதைக் குறை சொல்ல முடியாது. அக்கா ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். போகும்போது மட்டும் சொன்னார்:

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடு கலை. முடியும்னா என் சீட்ட எனக்குக் குடு."

முடியும்க்கா என்று சொல்லிவிட்டேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நான் இதுவரை பிரித்ததே கிடையாது. வாய்க்கொழுப்பு.

21 ஜூன், சனி

பிரித்துவிட்டேன். கழற்றிய வரிசையில் தார்ப்பாய் முழுக்கச் சாமான். ஒவ்வொன்றும் எப்படி இருந்தது, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். செல்போனில் படம் எடுத்து வை என்றாள் என் வீட்டுக்காரி கஸ்தூரி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரனுக்குப் படம் எதற்கு?

28 ஜூன்

சென்னையிலிருந்து புது பிளேட்டும் சீலும் வந்தன. மாட்டும் முன் பிளேட்டை ஆயிலில் ஊறப்போட வேண்டும். கஸ்தூரியின் மாவுக் குண்டான் சரியான அளவாக இருந்தது. அதற்கப்புறம் வீட்டில் நடந்ததை எழுதாமல் இருப்பதே நல்லது.

3 ஜூலை

மாட்டியாச்சு. ரிவர்ஸ் போவுது. மேடு ஏற்ற L-லயும் போவுது. D போட்டா அசைய மாட்டேங்குது. அக்கா முன்னாடியே இப்படி ஆகணுமா?

தசரதன் என் தோளில் கை வைத்து, "விடுணா, சாதா கியரே போட்டுடலாம்" என்றான். பாவம் பார்த்துச் சொன்னான், அதுதான் எரிச்சல். அக்கா பஸ் ஏறிப் போய்விட்டார். சோறு இறங்கல. எங்கடா தப்பு பண்ணேன்?

4 ஜூலை, வெள்ளி

விடிந்ததும் யோசித்தேன். L-ல் போகிறதென்றால் பிளேட்டில் தப்பில்லை, ஆயில் அழுத்தத்திலும் தப்பில்லை. L-ல் முதல் கியரைப் பிளேட்டே பிடித்துக்கொள்ளும், D-யில் அதற்குப் பிடிமானம் ஒன்வே கிளட்ச். ஒரு பக்கம் சுற்றும், மறுபக்கம் திருப்பினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும் வளையம் அது. ஆனால் அதைச் சரியாகத்தானே மாட்டினேன்? "வலம் சுத்தும்" என்று என் கையெழுத்திலேயே நோட்டில் இருக்கிறது.

காபி கொண்டுவந்த கஸ்தூரி நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"எங்க நின்னு பாத்தா வலம்?"

காபியைக் கீழே வைத்துவிட்டேன். கழற்றும்போது பின்னாலிருந்து பார்த்து எழுதியிருக்கிறேன். மாட்டும்போது முன்னாலிருந்து பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து வலம் என்றால் முன்னாலிருந்து இடம். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மலையைச் சுற்றுகிறவன் நான். வலம் என்றால் ஒரே வலம்தான், எங்கே நின்று என்று இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டவள் வந்தவாசிக்காரி.

6 ஜூலை, ஞாயிறு

மறுபடி இறக்கினேன், பிரித்தேன், அந்த ஒரு வளையத்தைத் திருப்பிப் போட்டேன். முதுகு விட்டுப்போச்சு.

சாயங்காலம் அக்கா ஏறி உட்கார்ந்து D போட்டார். வண்டி நகர்ந்தது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய்த் திரும்பினோம். கியர் மாறுவதே தெரியவில்லை. அக்காவின் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் செய்தேன் என்று நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாவது ஆளிடம் கஸ்தூரி கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

10 ஜூலை

பௌர்ணமி. கூட்டம் ஜாஸ்தி. பட்டறை லீவு.

6 ஆகஸ்ட், புதன்

கியர் ஆயில் சரிபார்க்க அக்கா வந்தார். பின்னால் காலி கூடைகள். ஆயில் ரோஸ் நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. பக்கத்து சீட்டில் தசரதன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். தட்டி எழுப்பப் போனேன்.

"எழுப்பாத கலை" என்றார் அக்கா. "நான் ஓட்டுனா இவனுக்குத் தூக்கம் வந்துடுது."

பானெட்டைச் சத்தம் வராமல் மூடினேன்.