சிரமம்: இல்லை

11 பிப்ரவரி 2007, ஞாயிறு

மாப்பிள்ளை நியாஸ் திருநின்றவூரிலிருந்து வந்திருந்தார். என் முட்டி வலிக்காக ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கேள்வித்தாள் எடுத்து வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் பன்னிரண்டு கேள்விகள். சிரமம் இல்லை என்றால் 0, முடியவே முடியாது என்றால் 4. கூட்டுத்தொகை இருபத்தெட்டைத் தொட்டால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். தொடாவிட்டால் மாதம் ஒருமுறை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. போன மாதம் பஜாரில் மோசஸ் டாக்டரிடம், சென்னைக்குப் போய் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் போனா சிரிப்பாங்க பாய். வயசானா முட்டி பேசத்தான் செய்யும்" என்றார். காத்திருந்தவர்கள் அங்கேயே சிரித்துவிட்டார்கள். அது இன்னும் உறுத்துகிறது. இனி என் வாயால் கேட்க மாட்டேன். தாள் சொல்லட்டும், போகிறேன்.

12 பிப்ரவரி

மூன்றாவது கேள்வியிலேயே சிக்கல். குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவதில் சிரமம் உண்டா? என் மனைவி பத்ருன்னிசாவிடம் தமிழில் சொன்னேன். "தொட்டில இன்னாத்துக்கு எறங்கணும்? அப்புறம் அந்தத் தண்ணிய யாரு பொழங்கறது?" என்றாள். அவள் நினைத்தது எங்கள் சிமெண்ட் தொட்டியை.

இல்லாத தொட்டியில் சிரமம் எப்படி இருக்கும்? 0 போட்டேன்.

மொத்தம் 24. இன்னும் நான்கு வேண்டும். இரவு வலி என்ற கேள்வியில் 2-ஐ 3 ஆக்கலாமா என்று பேனா ஒரு கணம் நின்றது. ஆக்கவில்லை. சிப்காட் ரசாயனக் கம்பெனி லேபில் அத்தனை வருடம் இருந்தேன். வேண்டிய விடைக்காக ஒரு ரீடிங்கைக்கூடத் திருத்தியதில்லை.

16 மார்ச், வெள்ளி

ஜும்ஆ தொழுகையில், மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து எழ முடியவில்லை. பக்கத்திலிருந்த சஹாபுதீன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். நல்லவன்தான். ஆனால் வாய்? தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முழுக்கக் கேட்கும்படி, "அடுத்த வாரம் முஸ்தபா பாய்க்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா. மாப்ள மாரி ஒக்காரட்டும்!" என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இனி வீட்டிலேயே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தொழுதுகொள்கிறேன். நோயாளிக்குச் சலுகை உண்டு. ஆனால் நான் நோயாளியா? தாள் இன்னும் அப்படிச் சொல்லவில்லையே.

18 மார்ச்

மண்டியிட்டு எழுவதில் சிரமம்? இப்போது மண்டியிடுவதே இல்லை. 0.

மொத்தம் 20. குறைந்திருக்கிறது. வலி குறைந்ததாகத் தெரியவில்லை. மறுபடி மறுபடி கூட்டினேன். அதே 20.

15 ஏப்ரல்

19. நியாஸிடம் போனில் சொன்னேன். "சூப்பர் மாமா! நல்லா இம்ப்ரூவ் ஆவுது. எதுக்கும் வெயிட் பண்ணுவோம்." நன்றி சொல்லி வைத்தேன். எதற்கு நன்றி சொன்னேன்?

27 ஏப்ரல்

கரண்ட் இல்லை. எண்ணெய் தேய்த்தேன். வலி.

20 மே, ஞாயிறு

பேத்தி குர்ஆன் ஓதி முடித்ததற்கு திருநின்றவூரில் மகள் ஷமீமா வீட்டில் விருந்து. நான் போகவில்லை. ஸ்டேஷன் மேம்பாலப் படியை நினைத்ததுமே வலது முட்டி கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. பத்ருன்னிசா தனியாகப் போய் வந்தாள். "தாத்தா எங்கேன்னு கேட்டுது" என்று மட்டும் சொன்னாள். பிரியாணி டப்பாவை மேஜைமேல் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

ரயில், பஸ்ஸில் ஏறி இறங்குவதில் சிரமம்: நான்தான் போகவே இல்லையே. 0.

மொத்தம் 16.

அடச்சே! பாத்ரூமுக்கு எழுந்தவன் செவுத்தப் புடிச்சிக்கினு நிக்கிறேன். இந்தத் தாளு இன்னாடான்னா நான் நல்லா ஆயிக்கினு வர்றேன்னுது! பொய் சொல்றது தாளா, நானா? ஒருவேளை வலியே என் கற்பனைதானா? மோசஸ் டாக்டர் அதைத்தான் நாசூக்காகச் சொன்னாரோ?

17 ஜூன், ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பத்ருன்னிசா கூடத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளை முணுமுணுத்தபடி நிரப்பிக்கொண்டிருந்தேன். "மாடிப்படி ஏறுவதில் சிரமம் - இல்லை" என்றேன்.

"எந்த மாடி?" என்றாள்.

"நம்ம மாடிதான்."

"இன்னாங்க, நீங்க மாடிக்குப் போயி எத்தினி மாசமாவுது? துணி எடுக்கறதும் நானு, டேங்க் ரொம்பினா ஓடறதும் நானு. போன பெருநாளைக்கு மேலேர்ந்து நான் பிறை தெரியுதுன்னு கத்தினேன், நீங்க கீழேர்ந்து மாஷா அல்லான்னீங்க. ஏறாத படி எப்படிங்க வலிக்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கிலீஷ் கேள்வி, உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போனேன். எழுவதற்கு அவள் தோளைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இறால் கையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள், நான் பிடித்து எழும்வரை.

அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். லேபில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. சாம்பிள் வராத பாட்டிலுக்கு நேரே 'இல்லை' என்று எழுதாதே, 'சோதிக்கவில்லை' என்று எழுது. இரண்டும் ஒன்றல்ல. 'இல்லை' என்று எழுதினால் தண்ணீரில் விஷம் இல்லை என்று நம்பி ஒருவன் குடித்துவிடுவான்.

படி ஏறவில்லை, மண்டியிடவில்லை, ரயில் ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் நேரே 'சிரமம் இல்லை' என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். வலிக்கிற ஒவ்வொன்றையும் விட்டுவிட்டேன். விட விட மார்க் குறைந்தது. குறைந்ததைப் பார்த்துக் குழம்பவும் செய்தேன்!

18 ஜூன்

சோதித்தேன்.

மாடிப்படி: பாதிகூட ஏறவில்லை. அங்கே நின்று, மேலும் போக முடியாமல் திரும்பி இறங்கவும் தெரியாமல், குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். 4. மண்டியிடுதல்: பாயில் இறங்கினேன், பத்ருன்னிசா தூக்கினாள். 4. பஸ்: புதுவாயல் வரைக்கும் போய் வந்தேன். ஏறும்போது கண்டக்டர், "பெருசு, சீக்கிரம்" என்றார். 3.

தொட்டி: சோதிக்கவில்லை.

மற்ற கேள்விகளையும் செய்து பார்த்தே மறுபடி போட்டேன். மொத்தம் 31. சந்தோஷப்படுவதா அழுவதா?

பத்ருன்னிசாவிடம் நேற்று அப்படிப் பேசியது தப்பு என்றேன். "மார்க்கு எவ்ளோ வந்துது, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள்.

5 ஜூலை, வியாழன்

சென்னை. மேம்பாலத்தில் நின்று நின்று ஏறியதில் முதல் ரயில் போய்விட்டது. அடுத்ததில் போனோம்.

டாக்டர் இளைஞர். எக்ஸ்ரே பார்த்தார். பிறகு டேப் எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தார். வலது தொடை மெலிந்திருக்கிறது. உபயோகிக்காமல் தசை கரைந்துவிட்டதாம். முட்டித் தேய்மானத்துக்கு ஒருநாள் ஆபரேஷன் தேவைப்படலாம், இப்போது வேண்டாம், முதலில் பயிற்சி, கைத்தடி என்றார். "ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பத்ருன்னிசா, "மார்க் பத்தலன்னு காத்துக்கினு இருந்தாரு டாக்டர்" என்றாள்.

சிரித்துவிட்டார். இத்தனை மாதமாக எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ அது வந்தே விட்டது. வந்து, போய்விட்டது. அதற்குப் பிறகு பயிற்சியை எழுதிக் கொடுத்தார்.

30 ஜூலை

படுத்துக்கொண்டு காலைத் தூக்குவதெல்லாம் ஒரு பயிற்சியா? செய்கிறேன். முன்னைவிட அதிகமாக வலிக்கிறது. எரிச்சலாக வருகிறது.

24 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்ஆவுக்குப் போனேன். வரிசைக் கடைசியில் நாற்காலி. இழுக்கும்போது கீச்சென்றது. "மாப்ள வந்துட்டாரு!" என்றான் சஹாபுதீன். முறைத்தேன். தொழுகை முடிந்து பார்த்தால் என் செருப்பை அவனே எடுத்து வந்து காலடியில் வைக்கிறான். இவனை என்ன செய்வது?

13 அக்டோபர், சனி

நோன்பு திறந்த கையோடு பிறை பார்க்க ஏறினேன். ஒரு கையில் தடி, ஒரு கை சுவரில். நடுப்படியில் முட்டி மறுத்தது. நின்றேன். மறுபடி ஏறினேன்.

மேற்கே ஒரே மேகம். கீழே ஆலைப் புகை. பிறை எங்கும் இல்லை. "இவ்ளோ கஷ்டப்பட்டு ஏறி வந்து பொகையப் பாத்துக்கினு நிக்கிறீங்களே!" என்றாள் பத்ருன்னிசா. கொடியில் கிடந்த துணியெல்லாம் எடுத்து என் தோளில் போட்டாள். பள்ளி ஒலிபெருக்கியில் நாளை பெருநாள் என்று அறிவிக்கும்போது நாங்கள் இன்னும் மேலேதான் இருந்தோம்.

இறங்கி வந்து தாளை எடுத்தேன்.

மாடிப்படி ஏறுவதில் சிரமம் உண்டா?

உண்டு. 3.