மூணாவது கருதுகோள்

26.7.99 திங்கள்
காலையில தூறல். துணி காயல. எம்.ஃபில். சினாப்சிஸ் வெள்ளிக்கிழமை டைப்புக்குக் கொடுக்கணும்.

கருதுகோள் (க.கோ.) 1: "கிராமத்துப் பெண்கள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தக் காரணம் பெற்றோரின் அக்கறையின்மையே." ரெண்டு மாசமா இதே வரிதான்.

கூடப் படிக்கிற நூர்ஜஹான் பார்த்துட்டு, "அக்கறையை எதுல அளப்ப, தராசுலயா? என்ன தெரிஞ்சா இது தப்புனு ஒத்துக்குவ?"

"தப்பா இருக்காது"ன்னேன்.

"அப்ப எதுக்குடி ஆராய்ச்சி?"

கோவம். டீ கூட குடிக்காம பஸ் ஏறிட்டேன். அவளுக்கு என்ன தெரியும். அக்காவை நிறுத்தினது அப்பா. எனக்கு அப்ப ஏழு வயசு. "போதும், இனிமே ஸ்கூல் வேணாம்"னு அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. அன்னியிலிருந்து அவர் கேட்டதுக்கு மட்டும் பதில்.

27.7 செவ்வாய்
க.கோ. 2: "ஹைஸ்கூல் மூணு கி.மீ.க்கு மேல இருக்கிற ஊர்கள்ல, பக்கத்துலயே இருக்கிற ஊர்களைவிட, படிப்பை நிறுத்தற பெண்கள் ஜாஸ்தி." அளக்கலாம். தப்பாவும் போகலாம். ஆனா மனசு ஒட்டல. இதுல அப்பா எங்கயும் இல்ல.

28.7 புதன்
பௌர்ணமி. பஸ்ல கால் வைக்க இடமில்ல, எல்லாம் கிரிவலக் கூட்டம். திரும்பிட்டேன்.

ஆராய்ச்சிக் கேள்விப் பட்டியலை முதல்ல ஒரு ஆள்கிட்ட கேட்டுப் பார்க்கணும். அக்கா வாழ்க்கைப்பட்டது அடுத்த தெருதான். மல்லாட்டை உரிச்சு கடலையை முறத்துல போட்டுட்டிருந்தா.

கே. 14: நிறுத்த முடிவெடுத்தது யார்? பென்சில்ல 'அப்பா'னு நானே டிக் பண்ணி வெச்சிருந்தேன்.

"நான்தான்"னா. "அங்க பொண்ணுங்களுக்கு கக்கூஸ் கிடையாதுடி. அந்த மூணு நாளு என்ன பண்றது? ஒரு தடவை பாவாடையெல்லாம் ஆயிடுச்சு. பசங்க பார்த்துட்டாங்க. அப்பாகிட்ட எப்படி சொல்றது? தூரமா இருக்குதுன்னேன். உடனே சைக்கிள் கேரியர்ல சீட்டு போட்டாரு, டெய்லி கொண்டுபோய் விடறேன்னு. ஒரு மாசம் கெஞ்சினாரு. நான் அழுதுட்டே இருந்தேன். அப்புறம்தான் போதும்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

காரணம்னு ஒன்பது போட்டிருந்தேன். இது இல்ல. அப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

பதினாறு வருஷம். வெக்கமா இருக்கு.

29.7 வியாழன்
மழை இல்ல. துணி காஞ்சுது.
க.கோ. 3: "பெண்களுக்குக் கழிவறை இல்லாத பள்ளிகள்ல, இருக்கிற பள்ளிகளைவிட, வயசுக்கு வந்த பெண்கள் படிப்பை நிறுத்தறது ஜாஸ்தி."

நூர்ஜஹான் ரெண்டு தடவை படிச்சா. "இதுவும் தப்பா போச்சுன்னா?"

"தப்புனு எழுதுவேன்."

டீ வாங்கிக் கொடுத்தா.

30.7 வெள்ளி
டைப்புக்கு: 22 பக்கம். கார்பன் பேப்பர் வாங்கணும்.

கிளம்பறப்ப அப்பா வழக்கம்போல வாசல்ல சைக்கிளோட. "ஸ்டாப் வரைக்கும் விடட்டாமா?" எப்பவும் "நடந்தே போய்க்கறேன்"ம்பேன். அந்த சீட்டு ஏதோ மூட்டை வைக்கனு நெனச்சிட்டிருந்தேன். ரெக்சின் கிழிஞ்சு பஞ்சு தெரியுது.

ஏறி உட்கார்ந்தேன். அப்பா கொஞ்ச நேரம் மிதிக்கவே இல்ல.