பொய்க்காலும் புதுப் பிறேக்கும்

ஏப்ரல் 3, வியாழன்

வாங்கிவிட்டேன்! வவுனியாவில் பார்த்து வைத்த அந்தச் சாம்பல் நிற மோட்டார் சைக்கிள் இப்போது எங்கள் மாமரத்தின் கீழ் நிற்கிறது. தூரப் பயணத்துக்கென்றே செய்தது. அகலமான சீற், இரண்டு பக்கமும் பெட்டி. ஆனால் நான் மயங்கியது அதன் பிறேக்குக்கு. காலால் மிதித்தால் முன் சில்லும் பின் சில்லும் சேர்ந்து பிடிக்குமாம். ஏபிஎஸ் இருக்கிறபடியால் எவ்வளவு அமத்தினாலும் சில்லு இறுகி வழுக்காதாம்.

மூன்று வருடத்துக்கு முன் இது இருந்திருந்தால்! என் வலது கால் பொய்க்கால். சொந்தக் காலைக் கடைசிச் சண்டையில் மாத்தளனில் விட்டுவிட்டு வந்தவன் நான். எவ்வளவு மிதிக்கிறோம் என்று பொய்க்காலுக்குத் தெரியாது. அன்றைக்குப் பரந்தனில் மாடு குறுக்கே வர, ஏறி மிதித்தேன். பின் சில்லு இறுகி இழுத்துக்கொண்டு போனது. பின்னால் இருந்த என் மனைவி சுதாஜினிக்குத் தோள் எலும்பு உடைந்தது. அன்று தொடக்கம் அவள் ஸ்கூட்டி ஓட, நான் அவளுக்குப் பின்னால்.

மோட்டார் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு. ஆனா நான் ஏறமாட்டன்."

ஏறுவாய் அம்மா. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இதில்தான் போகிறோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சீ, என்ன மானக்கேடு!

பாலனின் வயலுக்குப் போகும், கல்லும் மண்ணுமான கிறவல் றோட்டில் ஓடிப் பார்த்தேன். பாலன் என்னோடு படித்தவன். வட்டக்கச்சியில் அவனைப்போல் மோட்டார் சைக்கிள் ஓட ஆளில்லை என்று அவனே சொல்லுவான். அவன் பார்த்துக்கொண்டு நிற்க, கையால் பிறேக்கை இறுக்கிப் பிடித்தேன். பிடி கைக்குள் கடகடவென்று துள்ளியது! ஏதோ உடைந்துபோச்சு என்று கையை விட்டுவிட்டேன். நேரே பாலனின் வேலிக்குள்.

எனக்குக் காயமில்லை. முன் விளக்கில் ஒரு கீறல். ஆனால் எனக்கு முன்னமே கதை வீட்டுக்குப் போய்விட்டது. "வேலி தாங்கிச்சு. என்ர தோள் தாங்காது" என்கிறாள் சுதாஜினி.

என்னத்தைச் சொல்லுறது? அண்டைக்கு நான் வேணுமெண்டே விழுத்தினனான்? அவளுக்குத் தோள் உடைஞ்சது, எனக்கு ஒண்டும் உடையேல்லையா? பேசாமல் வித்துப்போட்டு இருப்பமோ—

ஏப்ரல் 7

விற்கமாட்டேன்.

ஏப்ரல் 12, சனி

வவுனியாக் கடைக்காரருக்கு போன் பண்ணினேன். மனிசன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "அண்ணை, அது பழுதில்லை. சில்லு இறுகப் போகேக்க பிறேக் தானா விட்டு விட்டுப் பிடிக்கும். அதுதான் துள்ளுது. துள்ளினா விடாதேங்கோ. இன்னும் அமத்துங்கோ."

சொல்ல லேசு. சறுக்கினால் பிறேக்கை விடு என்றுதானே இருபது வருடமாக ஓடினோம். கைக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஏப்ரல் 20, ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது.

"தா, நான் ஓடிக் காட்டுறன்" என்று பாலன் சாவியைப் பறித்துக்கொண்டு போனான். அதே கிறவல் றோட்டில் காலால் மிதித்தான். பாதத்தின் கீழ் பிறேக் துள்ளியிருக்கிறது. பயந்து காலைத் தூக்கினான். ஆளும் மோட்டார் சைக்கிளும் சிறுபோகத்துக்கு உழுத வயல் சேற்றுக்குள்!

இழுத்தெடுத்துக் கழுவிவிட்டு நான் ஏறினேன். கைப் பிறேக்கைத் தொடவில்லை. அதே இடத்தில் பொய்க்காலால் முழுப் பலத்தோடு மிதித்தேன். நின்றது! நேராக, ஒரு நெளிவு இல்லாமல். கிறவலில் கொஞ்சத் தூரம் கூடுதலாக ஓடித்தான் நின்றது. ஆனால் நின்றது.

பாலன் வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு கத்தினான்: "டேய், உனக்குக் கால் துள்ளேல்லையோ?"

"எந்தக் கால் மச்சான்?"

அவனுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. துள்ளினால் பயப்படுவதற்கு அந்தக் காலில் ஒன்றுமில்லை. பதினாறு வருடமாக இந்தக் காலைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். இன்றைக்குக் கழற்றி வைக்கும்போது துடைத்துத்தான் வைத்தேன்.

மே 4, ஞாயிறு

சுதாஜினி தானாகவே கிறவல் றோட்டுக்கு வந்தாள். தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி றோட்டின் நடுவில் வைத்தாள். "அந்த மருத மரத்தடியில பிறேக் பிடியுங்கோ. செருப்பைத் தாண்டினா இதை வித்துப்போட வேணும். சரியோ?"

"சரி" என்றேன்.

முதல் தரம் ஒரு சாண் முன்னால் நின்றேன். அவளுக்குப் போதவில்லை. இன்னும் வேகமாக என்றாள். பிறகு வாய்க்காலில் வாளியால் அள்ளி றோட்டை நனைத்துவிட்டு, "இப்ப வாங்கோ" என்றாள். பயமாகத்தான் இருந்தது. ஏழு தரம். இந்த முறை கையும் துள்ளத் துள்ள விடவில்லை. கடைசித் தரம் ரயர் செருப்பின் வாரைத் தொட்டுக்கொண்டு நின்றது.

குனிந்து பார்த்தாள். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டாள்.

பின்னேரம் தேத்தண்ணி தரும்போது, "பொங்கலுக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?" என்றாள்.

யூன் 9, திங்கள்

போகும்போது தர்மபுரம் வரை என் சேட்டின் முதுகுப் பக்கத்தைக் கசக்கிப் பிடித்திருந்தாள். புதுக்குடியிருப்பில் ஒரு கை விட்டாள். அம்மனைக் கும்பிட்டு, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு பின்னேரம் திரும்பினோம். விசுவமடு தாண்டப் பற்றைக்குள்ளிருந்து எருமைக் கன்று ஒன்று பாய்ந்தது.

கையும் காலும் சேர்ந்து பிடித்தன. துள்ளியது. விடவில்லை. சுதாஜினி என் முதுகில் வந்து முட்டினாள். கன்றுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றுவிட்டோம். அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாய்க்குப் பின்னால் போனது.

திரும்பிப் பார்க்கவே பயம். பின்னாலிருந்து குரல் வந்தது: "இஞ்சருங்கோ, கச்சான் எல்லாம் கொட்டுப்பட்டுப் போச்சு!"

தோளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஹெல்மெட்டுக்குள் நான் அழுதது அவளுக்குத் தெரியாது.

யூன் 10, செவ்வாய்

திருகோணமலைக்கு எத்தனை மணித்தியாலம் செல்லும் என்று காலையில் கேட்டாள். வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்தால், அவளுடைய இரண்டு உடுப்பு மடித்து வைத்திருக்கிறது. மேலே ஒரு பை கச்சான். பையின் வாயை நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.