காசிம் பாய் ஊரில் இல்லை

ஜூன் 12, 1986
தோல்பை தைக்கும் என் கார்கானாவுக்கு இன்றுதான் திரும்பினேன். கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி போலப் புடைத்துக்கொண்டு நிற்கிறது, இதயத்தைத் தட்டி ஓடவைக்கும் மிஷின். தோல் வெட்டும் நயினார் கேட்டான், வெளிநாட்டுச் சரக்கா என்று.

"அமெரிக்கா. புத்தம் புதுசு" என்றேன். வேலை பார்க்கும் ஆறு பேர் காதிலும் விழுந்தது.

மாதுங்காவில் இறந்துபோன ஒருவரின் மிஷின் இது. எரிப்பதற்கு முன் எடுத்து, புதிது வாங்க வக்கில்லாதவர்களுக்கென்று ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். என் மனைவி சாயிராவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 20
கொடுத்தவரின் மனைவி ருக்கு அம்மாள் என்னைப் பார்க்க வேண்டுமாம். என் விலாசத்தைக் கொடுக்கலாமா என்று நர்ஸ் கேட்டாள். சரியென்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூலை 3
எழுதவே கை கூசுகிறது.

மழையில், தாராவிச் சகதியில், மடிசார்ப் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அந்த அம்மாள் கார்கானா வாசலில் வந்து நின்றார். "காசிம்ங்கறவர் இருக்காரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "காசிம் பாய் ஊருக்குப் போயிருக்கார்" என்றேன். என் வாயால். நான்தான்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பூனாவில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, விலாசம் எழுதிய தாளை நயினாரிடம் கொடுத்துவிட்டு, அதே சகதியில் இறங்கிப் போனார். நான் ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை.

ஜூலை 4
ஜும்ஆத் தொழுகையில் முன்வரிசையில் இடம் இருந்தது. போகவில்லை. கடைசியில் நின்றேன்.

ஜூலை 11
இரண்டு நாளாகத் தலைசுற்றல். சாயிராவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை.

"அந்த அம்மா நம்ம வீட்டுக்குச் சோறு கேட்டா வந்தாவ?" என்றாள். அவ்வளவுதான்.

நயினாரிடம் போய் அந்தத் தாளைக் கேட்டேன். "அன்னிக்கே குடுத்திருப்பேன் பாய். நீங்கதான் ஊர்ல இல்லையே" என்று எடுத்துக் கொடுத்தான்.

ஜூலை 13
பூனா. தாதரில் ரயில் ஏறியதிலிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த அம்மாள் கதவைத் திறந்ததும் "நான்தான் காசிம்" என்பதற்கு மேல் வரவில்லை.

"அன்னிக்கே தெரியும். கையால நெஞ்சை மறைச்சுண்டேளே. எங்காத்துக்காரரும் யார் வந்தாலும் அப்படித்தான் மறைப்பார்."

உள்ளே போய் ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தார். மிஷினை மெட்ராஸில் வைத்தபோது கொடுத்தது. தேதி 1978. மாப்பிள்ளை தவறுதலாக ஆஸ்பத்திரியில் 82 என்று சொல்லிவிட்டாராம். புத்தகம் பிறகுதான் கிடைத்ததாம்.

"பாட்டரிக்கு எட்டு வருஷம் ஆயிடுத்து. உங்க கையில குடுத்துச் சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க மறைக்கறதை அத்தனை பேர் முன்னால உடைக்க மனசு வரலை, விலாசம் இருந்தா வருவேள்னு நெனச்சேன்."

தலை நிமிரவில்லை எனக்கு. இதைச் சொல்லத்தான் அந்த மழையில் வந்தாரா? மன்னிப்புக் கேட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று இலை போட்டார்.

ஜூலை 15
டாக்டர் சோதித்துப் பார்த்தார். இன்னும் சில வாரம் தாங்கியிருந்தால் அதிசயம் என்றார். இன்றே ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 7
மிஷின் மாற்றியாகிவிட்டது. இதுவும் இன்னொருவருடையதுதான். டோம்பிவிலியில் இறந்துபோன ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இந்தத் தடவை விலாசத்தை நானே கேட்டு வாங்கினேன். கார்கானாவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், போன மிஷினைப் பற்றியும். கேட்டுவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போகிறேன். நயினாரும் கூட வருகிறானாம்.