பதினேழு ஒன்றுகள்

செவ்வாய்க்கிழமை

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எங்கள் கல்லூரிக் கணிதத் துறையின் வாசலில் பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாகக் கல்லில் பொறிக்கலாம், அது ஒரு பகா எண் என்று யோசனை சொன்னவன் நான். கல்லின் அடியில் ‘இது ஒரு பகா எண்’ என்ற வரிக்குக் கீழே இருப்பதோ துறைத்தலைவர் தங்கசாமியின் பெயர். அதுகூடப் போகட்டும். இன்று எண்ணிப் பார்த்தால் பதினேழு ஒன்றுகள்தான் இருக்கின்றன. கல்லில் இடம் போதவில்லையாம்.

“ரெண்டு கொறைஞ்சா என்னவே? பதினேழும் பகா எண்தானே, அப்ப இதுவும் பகா எண்ணுதான்” என்றார் தங்கசாமி. “தலைவர் பதவி கெடைக்கலேன்னு இப்ப ஒண்ணு ஒண்ணா எண்ணுதீராக்கும்?”

ஆசிரியர் அறையே சிரித்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். அந்தப் பதினேழு ஒன்றுகள் 2071723 ஆல் மீதியில்லாமல் வகுபடுகின்றன. வெள்ளிக்கிழமை கல்லின் திறப்பு விழா. அதன்பிறகு அந்தப் பொய்யை எங்கள் பிள்ளைகள் தினமும் படித்துக்கொண்டே வகுப்புக்குள் வருவார்கள்.

வகுத்தலை முழுவதும் எழுதி, உறையில் கல்லூரி முதல்வரின் விலாசமும் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட்டால் பொறாமை என்பார்கள். பொறாமையும் இருக்கிறதுதான். இதை உட்கார்ந்து வகுத்துப் பார்க்கக்கூடியவன் அந்தத் துறையில் யார் என்று தங்கசாமிக்குத் தெரியும். தெரியட்டும். காலையில் தக்கலையில் பஸ் ஏறும்முன் தபால்பெட்டியில் போட்டுவிடுவேன், பெயர் எழுதாமலே.