எட்டாவது பாட்டு

செங்காங், சிங்கப்பூர்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் அமீராவுக்கு உம்மா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கே நாங்கள் இருவரும் ஆளுக்கொரு வலியோடு நலமாக இருக்கிறோம். கிளாஸ்கோவில் குளிர் குறைந்ததா? ஷபானா மாமி தன் மகனைப் பார்க்க அங்கே வருகிறார். அவர் கையில் சம்பல் பாட்டிலையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். சம்பலை மொத்தமாக ஒரே வாரத்தில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

போன் இருக்கும்போது உம்மாவுக்கு எதற்குக் காகிதம் என்று நீ சிரிப்பாய். வாப்பா இப்போது என் போனில்தான் ரசிகர்கள் எழுதுவதைப் படிக்கிறார். தன் போனைத் தொடவே பிடிக்கவில்லையாம், அலமாரியில் வைத்துவிட்டார். வேலை முடிந்து சாங்கியிலிருந்து நான் வீடு வந்து காலைக்கூடக் கழுவுவதற்குள் போனுக்குக் கை நீட்டுகிறார்.

'கடைசி பஸ்' வெளிவந்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனை வருடம் கழித்துத் தேக்கா கஃபார் என்ற தன் மேடைப் பெயரில் ஒரு ராப் ஆல்பம் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று வாப்பா நினைத்தார். ஊர் திரும்பிப் பார்த்தது உண்மைதான். பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "அங்கிள் ராப் லா, கேட்டுக்கிட்டே தூங்கலாம்" என்று ஒரு பையன். "எங்க ஸ்கூல் காலம் திரும்பி வந்துடுச்சு, அழுதுட்டேன்" என்று உன்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண் ஒருத்தி. இசை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் நான்கு நாளாகச் சண்டை போடுகிறார்கள், அதில் ஒருவர் பாட்டையே கேட்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். எல்லாவற்றையும் இவர் படித்துக் காட்ட, நான் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வெங்கட்டை நினைவிருக்கிறதா? கிராஞ்சி விடுதியில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளி, வாப்பாவின் பழைய 'கிராஞ்சி லாரி' பாட்டை நண்பர்களுக்கெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தவர். போன ஞாயிறு தேக்காவில் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து டீ வாங்கிக் கொடுத்தார். "பாட்டு நல்லாத்தான்ணே இருக்கு. ஆனா லாரிப் பாட்டுல இருந்த கோபம் எங்கண்ணே போச்சு?" என்று கேட்டார். பிறகு கேட்டதற்கு அவரே வருத்தப்பட்டு இன்னொரு டீ வாங்கினார். கோபப்படவும் மூச்சு வேணும்ல தம்பி என்று வாப்பா சிரித்தார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டார் அமீரா. ஒன்றைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. 'பழைய ரசிகன்' என்ற பெயரில் ஒருவர் எழுதியது.

எட்டாவது பாட்டு பொய் என்று அதில் இருந்தது. மகளுக்காகப் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன் என்று பாடுகிறவர் ஒரு நாளாவது அங்கே நின்றிருப்பாரா, நின்ற மனிதருக்கு இப்படி அழகான வரி வராது என்று இருந்தது. பழைய பாட்டெல்லாம் வீட்டு பாம் ஷெல்டர் என்னும் சின்னக் கான்கிரீட் அறைக்குள் அரிசி மூட்டைக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில் நின்று பாடியது, அந்தக் குரலில் பொய் இல்லை என்றும் இருந்தது.

வாப்பா அதை எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினார். "இவன் ஒருத்தன்தான் ஒழுங்கா கேட்டிருக்கான் ஜைனப்" என்றார். மறுநாள் காலையில், அடுத்த மாத நிகழ்ச்சியை ஏற்பாடு செய்யும் பிரேமைக் கூப்பிட்டு, வரமாட்டேன், இனிமேல் பாடவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிரேம் ஆபீஸ் நேரத்தில் என்னைக் கூப்பிட்டுப் புலம்புகிறான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

எல்லாப் பேட்டியிலும் ஸ்டூடியோவில் பாடியதாகத்தான் வாப்பா சொல்லி வந்திருக்கிறார். ஷெல்டரில் நின்று பாடியது தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்ற பயம். அந்த அறையின் இரும்புக் கதவுக்கு வெளியே, சத்தம் பாட்டில் விழுந்துவிடும் என்று மின்விசிறியைக்கூடப் போடாமல், வேர்க்க வேர்க்க வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை ஒன்றே ஒன்றுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா அமீரா? வேறு பெயர் வைத்துக்கொண்டால் பெற்றவளுக்குத் தெரியாதா?

நீ எழுதியது பொய் என்று நான் சொல்லமாட்டேன். வாசலில் குடையோடு நின்றவள் நான். அவர் அப்போது கோலாலம்பூரிலோ பினாங்கிலோ மேடையில் இருப்பார். அந்தப் பாட்டை முதல் தடவை கேட்டபோது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கண் கலங்கப் பாடிக்காட்டிய மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன். எனக்கு அலுத்துவிட்டது அமீரா. உனக்கும் அவருக்கும் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சமாதானம் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது.

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்றும் எனக்குப் புரியவில்லை. ஷெல்டர் விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

நேற்று சாப்பிட உட்கார்ந்தவர், "பிள்ளைக்கு அங்க இப்ப மணி என்ன?" என்று கேட்டார். நீ போன நாளிலிருந்து அவர் அதைக் கேட்டதே இல்லை. சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் அதையே கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து தன் போனை எடுத்து, துடைத்து, சார்ஜில் போட்டார். யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எழுதியதை அழிக்கச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை அவரைக் கூப்பிடு, உன் பெயரில், உன் குரலில். திட்டுவதென்றால் வாப்பா என்று கூப்பிட்டுத் திட்டு. ரசிகர்கள் அவருக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள் அமீரா. மகள் ஒருத்திதான்.

உன் படிப்புக்கும் உடம்புக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கும்,
உம்மா ஜைனப்